காட்டு ரெயின்டீரா, வளர்ப்பு ரெயின்டீரா? டிஎன்ஏ வெச்சு பிரிக்கிறது எப்படி, ஆரம்பத்துலருந்து

நார்வே மலையில ஒரு ரெயின்டீர் செத்துக் கிடக்குதுன்னு வைங்க. அது காட்டு மானா, இல்ல யாரோட மந்தையிலருந்தோ தப்பிச்சு வந்ததா? அங்க ரெயின்டீர் மேய்க்கிற சாமி மக்கள் (நாம கும்பிடுற சாமி இல்ல, அது அந்த இனத்தோட பேரு) முதல்ல காதைத்தான் பார்ப்பாங்க. குட்டியா இருக்கும்போதே கத்தியால காது ஓரத்துல குறி வெட்டிருவாங்க, சொந்தக்காரர் ஒவ்வொருத்தருக்கும் வெட்டு வேற வேற, நம்மூர்ல மாட்டுக்கு சூடு போட்டு அடையாளம் வைக்கிற மாதிரிதான். காதுல வெட்டு இருந்தா கதை முடிஞ்சுது. வெட்டே இல்லாத முழுக் காதா இருந்தா காட்டு மானாவும் இருக்கலாம், குறி போடாம விட்டுப்போன மந்தைக் குட்டியாவும் இருக்கலாம், இல்ல ரெண்டும் கலந்து பொறந்ததாவும் இருக்கலாம். உடம்பைப் பார்த்து அடிச்சு சொல்ல முடியாது, அதனால டிஎன்ஏ கிட்ட போகணும்.

பேரைப் பத்தி ஒரு வார்த்தை. தமிழ்ல இதை பனிமான், துருவ மான், கலைமான்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதுறாங்க, கலைமான்னு போட்டா நமக்கு வேற மான் நினைப்பு வந்துருது, அதனால நான் ரெயின்டீர்னே எழுதுறேன். கனடா, அலாஸ்கா பக்கம் காரிபூன்னு சொல்றதும் இதே இனம்தான்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடுறேன், இது புரியாம ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் குழப்பம்தான்: "இது இருந்தா வளர்ப்பு, இல்லாட்டி காட்டு"ன்னு சொல்ற மாதிரி ஒத்த ஜீன் எதுவும் கிடையாது. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட அதே ஜீன் வடிவங்கள்தான் இருக்கு, எது எவ்வளவு அடிக்கடி வருதுங்கிறதுலதான் வித்தியாசம். அதுவும் எந்த ஊர் காட்டு மானோட எந்த ஊர் மந்தையை வெச்சுப் பார்க்குறோம்ங்கிறதைப் பொறுத்து ரிசல்ட் மாறும்.

படி 1: ரெண்டு டப்பா இல்ல, மூணு டப்பா

காட்டு, வளர்ப்பு இந்த ரெண்டு டப்பாவை மட்டும் வெச்சுக்கிட்டு ஆரம்பிக்காதீங்க. காட்டு மான், மந்தை மான், அப்புறம் மந்தையிலருந்து போய் காட்டுலயே தங்கிட்ட மான்னு மூணு இருக்கு. அந்த ஊர் பாஷைகள் முதல் ரெண்டையும் தெளிவாவே பிரிச்சு வெச்சிருக்கு, நார்வேல காட்டு மான் வில்ரெயின், மந்தை மான் டாம்ரெயின், பின்லாந்துல காட்டு மான் பெவுரா, மந்தை மான் போரோ. மூணாவது டப்பாதான் தலைவலி.

உதாரணத்துக்கு ஐஸ்லாந்து. அங்க இயற்கையா ரெயின்டீரே கிடையாது, 18ம் நூற்றாண்டுல நார்வேலருந்து கப்பல்ல சில தடவை கொண்டுவந்து விட்டாங்க, இப்ப கிழக்கு ஐஸ்லாந்துல சுத்துற கூட்டம் 1787ல வந்த 35 மான்களோட வாரிசுங்க. யாரும் மேய்க்கிறதில்ல, வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கணும், பார்க்க அசல் காட்டு மான். டிஎன்ஏவுல அது நார்வேயோட வட முனையில இருக்குற பின்மார்க் மந்தை.

நார்வேலயே காட்டு ரெயின்டீர் பகுதின்னு 24 இருக்கு, ஆனா எல்லாம் ஒரே ரகம் இல்ல. டோவ்ரே, ரோண்டானே மலைகள்ல இருக்குற ஸ்னோஹெட்டா, ரோண்டானே கூட்டங்கள்ல பழைய காட்டு வம்சம் நல்லா மிஞ்சியிருக்கு. ஹார்டாங்கர்விட்டா பெரிய பீடபூமி, அங்க முன்னாடி மந்தைகளும் மேய்ஞ்சதால கொஞ்சம் கலப்பு. ஃபோரோல்ஹோக்னா, நோரெஃபெல், வடக்கு ஓட்டாடாலன் மாதிரி இடத்துல இருக்குறது பெரும்பாலும் மந்தை வழி வந்ததுங்க. அரசாங்கக் கணக்குல இது எல்லாமே வில்ரெயின்தான், வேட்டை விதியும் ஒண்ணுதான். அதனால காகிதத்துல "காட்டு மான்"னு போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க, எந்த மலைன்னு கேளுங்க.

சுவீடன்ல இந்த வேலையே இல்ல. அங்க காட்டு ரெயின்டீர் 1800கள்லயே அழிஞ்சு போச்சு, இருக்குறது எல்லாம் மந்தைதான்.

படி 2: ஊர்க் கதையைப் படிங்க

சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பகுதியில யார், எப்ப, எங்கருந்து மான் கொண்டுவந்தாங்கன்னு தேடிப் படிங்க. சோம்பேறித்தனப்பட்டு இதை விட்டா பின்னாடி கம்ப்யூட்டர் காட்டுற கலர் படத்துக்கு அர்த்தமே புரியாது.

ரெயின்டீரைப் பழக்குனது ஆடு மாடு மாதிரி பத்தாயிரம் வருஷக் கதை இல்ல. சைபீரியாவுல ஓப் நதிக்கரையில சாலேகார்ட் பக்கத்துல உஸ்ட் போலுய்னு ஒரு தொல்லியல் இடம் இருக்கு, அங்க ஏறக்குறைய 2,000 வருஷம் பழைய, கொம்புல செஞ்ச சேணத் துண்டுங்க கிடைச்சிருக்கு. நார்வே பக்கம் ஒட்டார்னு ஒரு வடநாட்டுக்காரர் 9ம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்து ராஜா ஆல்பிரட்கிட்ட போய் தன்கிட்ட 600 பழகுன மான் இருக்கு, அதுல 6 மான், காட்டு மானை ஏமாத்திப் பிடிக்கிறதுக்குன்னே வெச்சிருக்குறதுன்னு சொன்னதா எழுதியிருக்கு. இந்த 6 மான் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா பழகுன மானும் காட்டு மானும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒண்ணை ஒண்ணு தேடிப் போகும்ங்கிறது அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பழக்கம் இன்னிக்கும் மாறல, ரஷ்யாவோட சைபீரியாவுல டைமிர், யாகூட்டியா பக்கம் காட்டுக் கூட்டம் இடம் பெயர்ந்து போறப்ப குறுக்க வர்ற மந்தையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும், மேய்க்கிறவன் தலையில கை வெச்சுட்டு நிக்க வேண்டியதுதான். 1990கள்ல அலாஸ்காவோட சீவர்ட் தீபகற்பத்துல காரிபூ கூட்டம் வந்து மந்தைகளைக் காலி பண்ணதும் இதேதான். அந்த மந்தைகளே 1892லருந்து 1902 வரைக்கும் கடல் தாண்டி ரஷ்யாவோட கிழக்கு முனையான சுகோட்காவுலருந்து கொண்டுவந்த 1,280 மான்களோட வாரிசுங்க.

படி 3: சாம்பிள்

பிடிக்கவோ சுடவோ தேவையில்ல, பனியில கிடக்குற புழுக்கை போதும். புழுக்கையோட வெளித்தோல்ல மானோட குடல் செல் ஒட்டியிருக்கும், அதைத்தான் சுரண்டி எடுக்குறாங்க, குளிர்ல உறைஞ்சு கிடக்குறதால டிஎன்ஏ சீக்கிரம் கெடாது. புதுசா பளபளப்பா இருக்குறதை மட்டும் எடுங்க, மழை பட்டு வெளுத்தது வேஸ்ட். ரெயின்டீர்ல ஆண் பெண் ரெண்டுக்கும் கொம்பு உண்டு, வருஷா வருஷம் விழும், அதுவும் நல்ல சாம்பிள். வேட்டைக்காரங்க கொடுக்குற தசைத்துண்டு, காது வெட்டுறப்ப விழுற சின்னத் துண்டு, இதெல்லாம் கிடைச்சா இன்னும் சுலபம், ஆல்கஹால்ல போட்டு வைங்க.

ஒரே குடும்பத்தை அள்ளிட்டு வந்துடாதீங்க. ஒரே இடத்துல 30 புழுக்கைக் குவியல் எடுத்தா அதுல தாய், குட்டி, போன வருஷக் குட்டின்னு நாலஞ்சு சொந்தம் இருக்கும், சாஃப்ட்வேர் அதைத் தனிக் கூட்டம்னு காட்டும். குளிர்காலத்துல கூட்டம் பரவி நிக்கிறப்ப தள்ளித் தள்ளி எடுங்க.

லேப், வயல்வேலை எதுவும் வேணாம், வீட்டுலயே பழகிப் பார்க்கணும்னா ஜென்பேங்க்ங்கிற பொது இணையத் தரவுத்தளத்துல ரெயின்டீர் டிஎன்ஏ வரிசைகள் இலவசமா கிடைக்குது. அதுல சாம்பிள் எந்த ஊர்னு போட்டிருக்கான்னு பாருங்க, வெறும் "நார்வே"ன்னு மட்டும் இருந்தா நமக்கு உதவாது.

படி 4: மைட்டோகாண்ட்ரியா, தாய் வழி

முதல் டெஸ்ட் இதுதான், செலவும் கம்மி. மைட்டோகாண்ட்ரியாங்கிறது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற சின்ன உறுப்பு, அதுக்குன்னு இருக்குற டிஎன்ஏ தாய்கிட்டருந்து மட்டும் வர்றது, அதுல கட்டுப்பாட்டுப் பகுதின்னு வேகமா மாறுற ஒரு துண்டு இருக்கு, சில நூறு டிஎன்ஏ எழுத்துதான், அதைப் படிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு எந்த வகை எந்தக் கூட்டத்துல வருதுன்னு பார்க்கணும்.

நார்வே ஆராய்ச்சியாளர் க்னூட் ரோயெட் குழு இதை வெச்சுத்தான் 2008ல ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னாங்க: நார்வே, சுவீடன், பின்லாந்து மந்தைகள்ல பரவலா இருக்குற தாய்வழி வகைகளும் ரஷ்யா மந்தைகள்ல இருக்குறதும் வேற வேற, அதனால ரெயின்டீரைப் பழக்குனது ஒரே இடத்துல நடந்து எல்லா ஊருக்கும் பரவல, குறைஞ்சது ரெண்டு இடத்துல தனித்தனியா நடந்திருக்கு. அதாவது "வளர்ப்பு ரெயின்டீர்"னு ஒரே குடும்பம் கிடையாது! சைபீரியா மந்தையை வெச்சுக்கிட்டு நார்வே காட்டு மானை ஒப்பிட்டா வர்ற வித்தியாசம் காட்டு, வளர்ப்பு வித்தியாசம் இல்ல, வெறும் தூரத்தோட வித்தியாசம்.

இதுக்கு அப்புறம் வந்த பழைய எலும்பு ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யம். நார்வேயோட வட முனையில பின்மார்க்ல தோண்டி எடுத்த பழைய ரெயின்டீர் எலும்புகள்லருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாங்க. இப்ப மந்தைகள்ல இருக்குறதும் அதே மண்ணுல வாழ்ந்த மானோட வாரிசுதான்னுதான் யாரும் நினைப்பாங்க. அப்படி இல்ல. இடைக்காலம் வரைக்கும் அங்க இருந்த தாய்வழி வகைகள் ஒரு மாதிரி, சுமார் 16, 17ம் நூற்றாண்டு வாக்குல வேட்டையை விட்டுட்டு பெரிய மந்தை மேய்ப்புக்கு மாறுனப்ப வேற வகைகள் வெளியிலருந்து வந்து பழசைத் தள்ளிட்டு உட்கார்ந்துக்குச்சு. அப்ப பின்மார்க் மந்தையோட தாய்வழி மூதாதை பெரும்பாலும் அந்த ஊர் காட்டு மான் இல்ல. பழைய எலும்பைப் பார்க்காம இப்ப இருக்குறதை மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா இந்த விஷயம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஆனா மைட்டோவை மட்டும் நம்பி நிக்காதீங்க. காட்டு ஆண் வந்து மந்தைப் பொண்ணோட சேர்ந்து குட்டி பொறந்தா மைட்டோவுல அப்பன் தடயமே இருக்காது, குட்டி நூத்துக்கு நூறு மந்தைன்னு காட்டும்.

படி 5: அப்பா பக்கமும் சேர்த்து

இப்ப செல்லோட கருவுல இருக்குற டிஎன்ஏவுக்குப் போறோம். பழைய வழி மைக்ரோசேட்டிலைட், அதாவது ரெண்டு மூணு எழுத்து திரும்பத் திரும்ப வர்ற இடங்கள், பத்து இருபது இடம் எடுத்து நீளம் அளப்பாங்க. புது வழி எஸ்என்பி, ஒரு எழுத்து மாறியிருக்குற இடங்கள், ஆயிரக்கணக்குல. காசு மிச்சம்னு மாட்டுக்குப் பண்ண எஸ்என்பி சிப்பை (பல இடத்தை ஒரே நேரத்துல படிக்கிற சில்லு) ரெயின்டீருக்குப் போடுறாங்க, வேலை செய்யும்தான், ஆனா அதுல இருக்குற 50,000 இடத்துல கொஞ்சம்தான் ரெயின்டீர்ல மாறுபாடு காட்டும், மீதி எல்லாம் வெறும் இடம். முடிஞ்சா முழு ஜீனோமே, அதாவது மொத்த டிஎன்ஏவையுமே படிச்சிருங்க, ஒப்பிட 2017லயே ஒரு சீனக் குழு உள் மங்கோலியா மந்தை மான் ஒண்ணோட ஜீனோமை வெளியிட்டாச்சு.

கணக்கு எப்படிப் போடுறதுன்னு கையாலயே ஒரு தடவை போட்டுப் பாருங்க, அப்பதான் சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னு புரியும். கீழ இருக்குற நம்பர் எல்லாம் பழகிப் பார்க்க நானே போட்டது.

மூணு இடம் எடுத்துக்கோங்க. "அ"ங்கிற வடிவம் காட்டுக் கூட்டத்துல 0.7, 0.6, 0.5 அளவுல வருது, மந்தையில 0.2, 0.3, 0.4. மீதி எல்லாம் "ஆ"ங்கிற வடிவம். ஒவ்வொரு மானுக்கும் ஒவ்வொரு இடத்துலயும் அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு வடிவம் இருக்கும். நம்ம மான் முதல் இடத்துல அஅ, ரெண்டாவதுல அஆ, மூணாவதுல ஆஆ. காட்டு மானா இருந்தா இப்படி வர வாய்ப்பு: முதல் இடம் 0.7 × 0.7 = 0.49, ரெண்டாவது 2 × 0.6 × 0.4 = 0.48 (அ அப்பாகிட்டருந்தும் வரலாம், அம்மாகிட்டருந்தும் வரலாம், அதனால 2), மூணாவது 0.5 × 0.5 = 0.25, மூணையும் பெருக்குனா 0.0588. மந்தையா இருந்தா 0.04 × 0.42 × 0.36, சுமார் 0.006. ஆக காட்டுப் பக்கம் கிட்டத்தட்ட 10 மடங்கு. ஆஹா காட்டு மான்தான்னு குதிக்கத் தோணும், இருங்க. அப்பா காட்டு, அம்மா மந்தைன்னு முதல் தலைமுறைக் கலப்பா இருந்தா? முதல் இடம் 0.7 × 0.2 = 0.14, ரெண்டாவது 0.6 × 0.7 கூட்டல் 0.4 × 0.3 = 0.54, மூணாவது 0.5 × 0.6 = 0.30, பெருக்குனா 0.0227. காட்டு மான்ங்கிறது கலப்பைவிட வெறும் 2.6 மடங்குதான் அதிகம். மந்தை இல்லைன்னு ஓரளவு சொல்லலாம், கலப்பு இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்காகத்தான் மூணு இடம் பத்தாது, நூத்துக்கணக்குல வேணும்னு சொல்றாங்க.

படி 6: சாஃப்ட்வேர், நான் முட்டாளானது

ஸ்ட்ரக்சர், அட்மிக்சர் ரெண்டுமே ஒவ்வொரு மான்லயும் எந்தக் கூட்டத்தோட பங்கு எவ்வளவுன்னு கலர் பட்டையா காட்டும், பிசிஏ எல்லா மானையும் புள்ளியா வெச்சு ஒரே படத்துல காட்டும். நான் முதல் தடவை பண்ணப்ப ஆசைப்பட்டு கிடைச்ச சாம்பிள் எல்லாத்தையும் போட்டேன், நார்வேக்கு வடக்கால ஆர்க்டிக் கடல்ல இருக்குற ஸ்வால்பார்ட் தீவோட குட்டைக்கால் ரெயின்டீரையும் சேர்த்து. படம் வந்துச்சு பாருங்க, வலது ஓரத்துல ஸ்வால்பார்ட் தன்னந்தனியா, இடது ஓரத்துல நார்வே காட்டு, நார்வே மந்தை, ரஷ்யா எல்லாம் ஒரே கும்பலா அப்பிக்கிட்டு. அடடா காட்டுக்கும் மந்தைக்கும் வித்தியாசமே இல்லையேன்னு ரெண்டு நாள் நம்பிட்டுத் திரிஞ்சேன். விஷயம் என்னன்னா அந்தத் தீவு மான்கள் ஆயிரக்கணக்கான வருஷமா வெளித்தொடர்பே இல்லாம தனியா கிடந்து ஜீன் வகை ரொம்பக் குறைஞ்சு போனதுங்க, அதோட வித்தியாசம் அவ்வளவு பெருசுங்கிறதால மத்த சின்ன வித்தியாசத்தை எல்லாம் படத்துல அமுக்கிருச்சு. அதை எடுத்துட்டு மறுபடி ஓட்டுனதும் இடது கும்பல் பிரிஞ்சு வந்துச்சு. அதனால முதல்ல பக்கத்து மலை, பக்கத்து மந்தை, அதுக்கு மேல வேணும்னா தூரத்து ஊர்.

இன்னொரு பொறி: காட்டுக் கூட்டங்களே ஒண்ணுக்கொண்ணு ரொம்ப விலகியிருக்கும். ஸ்னோஹெட்டாவும் ரோண்டானேவும் ஒரு காலத்துல ஒரே இடப்பெயர்வுக் கூட்டம், 1921ல நடுவுல ரயில் பாதை வந்துச்சு, கூடவே நெடுஞ்சாலை, இப்ப மான் தாண்டுறதில்ல. சின்னக் கூட்டமா அடைபட்டா ஜீன் வகைகள் தற்செயலாவே காணாமப் போகும். ஆனா மந்தைகளை விக்கிறாங்க, வாங்குறாங்க, மேய்க்கிறப்ப கலக்குறாங்க, அதனால மந்தையில ஜீன் வகை நல்லாவே இருக்கும். வளர்ப்பு மிருகம்னா ஜீன் வகை கம்மி, காட்டு மிருகம்னா அதிகம்ங்கிற பாடப்புத்தகக் கணக்கு தெற்கு நார்வேல செல்லாது.

படி 7: எந்த ஜீனுக்கு என்ன வேலை

ஆளுங்க இங்கதான் ஆர்வமா வருவாங்க, ஆனா சொல்றதுக்கு இருக்குறது கம்மி. துருவத்துல வெயில் இல்லாத குளிர்காலத்தைச் சமாளிக்க ரெயின்டீரோட உடல் கடிகாரத்துல மாற்றம் இருக்கு, பெர்2ங்கிற ஜீன்தான் அதுக்குக் காரணமா இருக்கலாம்னு 2019ல வந்துச்சு. நல்ல கண்டுபிடிப்பு, ஆனா அது இனத்துக்கே பொதுவான சமாச்சாரம், காட்டு மந்தை பிரிக்க உதவாது.

குணத்துல வித்தியாசம் நிஜமாவே இருக்கு. மந்தை வழி வந்த காட்டுக் கூட்டங்கள், தலைமுறை தலைமுறையா வேட்டையாடப்பட்டும், ஆள் கிட்ட வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டு ஓடும், ரோண்டானே மான் தூரத்துல பார்த்ததுமே ஓடிரும்னு எய்கில் ரெய்மர்ஸ் குழு அளந்து காட்டுனாங்க. மேய்க்கிறவங்க அடங்காத ஆண்களைக் காயடிச்சுருவாங்க (சாமி மக்கள் முன்னாடி அதைப் பல்லாலேயே கடிச்சுப் பண்ணுவாங்க), ஆண் குட்டிகள்ல பெரும்பாலானது ஆறு மாசத்துலயே கறிக்குப் போயிரும், குட்டி போட கொஞ்சம் ஆணைத்தான் விட்டு வைப்பாங்க, இத்தனை வருஷத் தேர்வு ரத்தத்துல தங்காமலா போகும்.

நேரடியா உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு, பிரியான்ங்கிற புரதத்தை உண்டாக்குற பிஆர்என்பி ஜீன். 2016ல நார்ட்ஃபெல்லா மலையில ஒரு காட்டு ரெயின்டீருக்கு மான்களோட பிரியான் நோய் (அந்தப் புரதம் தப்பா மடிஞ்சு மூளையைச் சிதைக்கிற நோய்) இருக்குறது தெரிஞ்சுது, ஐரோப்பாவுலயே முதல் தடவை. பரவக் கூடாதுன்னு 2018 ஆரம்பத்துக்குள்ள அந்தக் கூட்டத்துல 2,000க்கு மேல மானைச் சுட்டுத் தீர்த்தாங்க. அந்தச் சாம்பிள்களைப் பார்த்தப்ப பிஆர்என்பியோட சில வடிவங்கள் இருக்குற மானுக்குத்தான் நோய் அதிகமா வந்திருந்துச்சு. அந்த வடிவங்கள் எந்தக் கூட்டத்துல எவ்வளவு இருக்குங்கிறது மலைக்கு மலை, மந்தைக்கு மந்தை மாறுது, அதனால காலி பண்ண இடத்துல திரும்ப எந்தக் கூட்டத்தை விடுறதுங்கிறதுக்கு இந்த ஜீனையும் பார்க்க வேண்டியிருக்கு.

படி 8: கலப்பு இருந்தா என்ன பண்றாங்க

பின்லாந்து காட்டு ரெயின்டீர் தனி துணை இனம், காடுகள்ல வாழுறது, ஆழமான பனியில நடக்க நீளக் கால். மந்தையோ மலை ரெயின்டீர் வழி. 20ம் நூற்றாண்டு தொடக்கத்துல இந்தக் காட்டு மான் பின்லாந்துல அழிஞ்சு, 1950கள்ல ரஷ்யக் கரேலியாவுலருந்து தானாவே கிழக்கு பின்லாந்துல காய்னூ பக்கம் திரும்பி வந்துச்சு. வந்த இடத்துக்கு வடக்கால மந்தைகள். ரெண்டும் சேர்ந்தா பொறக்குற குட்டியும் நல்லா இனப்பெருக்கம் பண்ணும், அதனால கொஞ்சம் கொஞ்சமா நீளக்கால் ரத்தம் கரைஞ்சு போயிரும்னு பயந்து மந்தைப் பகுதி எல்லையில வேலி போட்டிருக்காங்க. அலாஸ்காவுல அவ்வளவு பக்கத்துல மேய்ஞ்சும் காரிபூவுல சுகோட்கா ரத்தம் கம்மியாத்தான் தெரியுது. ஒரு ஊர் அனுபவத்தை இன்னொரு ஊருக்கு அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது.

படி 9: ரிசல்ட் எழுதுறது

"இது காட்டு மான்"னு ஒத்த வரியில எழுதாதீங்க. எதோட ஒப்பிட்டீங்க, எத்தனை இடம் பார்த்தீங்க, கலப்புக்கு எவ்வளவு இடம் இருக்கு, மூணையும் எழுதுங்க. இப்படி இருக்கலாம்: "இந்த மான் ஸ்னோஹெட்டா சாம்பிள்களோட நெருக்கமா ஒத்துப்போகுது, பக்கத்து மந்தையோட ஒத்துப்போகல, ரெண்டு மூணு தலைமுறைக்கு முந்தின கலப்பு இருந்தா இத்தனை இடத்தை வெச்சு எங்களால பார்க்க முடியாது, தாய்வழி வகை ரெண்டு பக்கமும் இருக்குற வகை." காதுல வெட்டு இருந்துச்சா இல்லையாங்கிறதையும் மறக்காம சேர்த்து எழுதுங்க.